மூன்றாம் பந்தி

சந்தி வர்த்தகர் சங்கத்தின் கூட்டத்துக்கு அன்று காலை வந்திருந்தவர்கள் நான்கு பேர். தலைவர் நஸீம் ஹாஜியார் தன் ஹோட்டலின் மேல்மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி வைத்த ஒரே கதிரையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம், சுவரோரம், புடவைக் கடை செல்லச்சாமி. மருந்துக் கடை இப்திகார் வாசல் பக்கம். கடைக்கு ஆள் வந்தால் கீழே ஓட வேண்டும் என்பதால் எப்போதும் அங்கேதான். செயலாளர் ஜவாஹிர் ஜன்னலோரம். கூட்டக் குறிப்பு எழுத வெளிச்சம் வேண்டும் என்று சங்கம் தொடங்கிய நாளிலேயே அவர் பிடித்த இடம் அது. அங்கிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு த்ரீவீலின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து, இடியப்பப் பார்சல் விற்றுக்கொண்டிருந்த பரிமளமும் தெரிந்தாள்.

கூட்டத்தில் இல்லாதவள் அவள். பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான்.

"ஏழு மாசமாப் பாக்கிறேன்," என்றார் நஸீம். "முந்தி காலையில என்ட ஹோட்டல்ல நாப்பது பேர் இருந்து சாப்பிடுவாங்க. இப்ப பத்துப் பேர் வந்தாப் பெரிசு. மத்தவங்க பார்சலை வாங்கிக்கிட்டு பஸ்ஸில ஏறிடுறாங்க. அவவுக்கு லைசன் இல்ல, வரி இல்ல, லைட் பில் இல்ல. நான் மட்டும் எல்லாத்தையும் கட்டணும்."

"ரோட்டையும் மறைக்கிறா," என்றார் இப்திகார்.

"சம்பல் நல்லா இருக்குங்க," என்றார் செல்லச்சாமி. மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல, உள்ளதச் சொன்னேன்."

நஸீம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஜவாஹிர் நானா பிரதேச சபைக்கு ஒரு கடிதம் போட்டாச் சரி. அவர்ட கடிதம் போனா அங்க ஒருத்தரும் தூங்க ஏலாது."

ஜவாஹிர் பேனாவை மூடினார். அவர் வத்தேகமவுக்கும் அப்பால் இருந்த அந்தச் சின்னச் சந்தியில் புத்தகக் கடையும் போட்டோ கொப்பி மெஷினும் வைத்திருந்தார். சந்தியில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அதைவிட அவருக்கு இன்னொரு பேர் உண்டு. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு மாதம் ஒன்று தவறாமல் எழுதி வந்தார். மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்தபோது, தடை போட்டால் பொருள் வராமல் போகாது, கள்ளத்தனமாய் வரும், விலை மட்டும் ஏறும் என்று எழுதினார், அப்படியே நடந்தது. அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை வைத்தபோது, விலையைச் சட்டத்தால் இறக்கினால் அரிசி கடையிலிருந்து இறங்கிப் போய்விடும் என்று எழுதினார். நட்டத்தில் ஓடும் அரசாங்க நிறுவனங்களுக்கு, அவற்றை ஒருநாளும் பயன்படுத்தாத தோட்டத்துச் சனம் ஏன் சீனியிலும் சவர்க்காரத்திலும் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். அரசாங்கத்துக்கு இரண்டே வேலைதான்: கள்ளனைப் பிடிப்பது, வழக்கைத் தீர்ப்பது. மிச்சத்தைச் சனங்கள் பார்த்துக்கொள்வார்கள். இதுதான் அவர் சொல்லி வந்தது, நம்பியும் வந்தார். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்ற வருஷத்தில் சந்திக்காரர்களே அவரைத் தேடி வந்து, நீங்கள் சொன்னது சரிதான் நானா என்றார்கள்.

"நான் என்ன எழுதுறவன் என்டு தெரியும்தானே நஸீம்," என்றார். "லைசன் என்ட சாமானே வேணாம் என்டு சொல்றவன் நான்."

"தெரியும். பேப்பர்ல ஒலகத்தைத் திருத்துங்க, நாங்க வேணாங்கல்ல. இது சந்தி."

இப்திகார் சிரித்தார். "நானாக்குக் கொள்கை தடுக்குது என்டா விடுங்க ஹாஜியார். வத்தேகமயில ஒரு லோயர் ஈக்கிறார். அவர்ட்டக் குடுப்போம். அவர் நல்லா எழுதுவார்."

கொள்கையைச் சொல்லிச் சீண்டியது ஜவாஹிரைத் தொடவில்லை. கடைசியில் சொன்ன மூன்று சொல்தான் தைத்தது. அவர் நல்லா எழுதுவார். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுதலுக்குப் பத்துக்குப் பத்து எடுத்து, அன்றிலிருந்து இன்றுவரை விலாசத்தை வலது மூலையிலும் விடயத்தைக் கோடு போட்டும் வாசகங்களைப் பந்தி பந்தியாகப் பிரித்து இலக்கமிட்டும் எழுதி வரும் மனிதர் அவர்.

"லோயர் எதுக்கு," என்றார் ஜவாஹிர். "நாளைக்குத் தாரேன்."

அன்று பின்னேரம் கடையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு முறைப்பாட்டில், எங்கள் யாவாரம் குறைந்துவிட்டது என்று எழுதக் கூடாது. எழுதினால் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் பொதுமக்களின் பேரில் சொல்ல வேண்டும். முதலாம் பந்தியில் அனுமதிப் பத்திரம் இல்லாதது. இரண்டாம் பந்தியில் போக்குவரத்து. எழுதிவிட்டுத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. கடிதம் நொண்டுவது போல இருந்தது. இன்னொரு பந்தி வேண்டும்.

மூன்றாம் பந்தியை எழுத அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "மேற்படி பெண்ணினால் விற்கப்படும் உணவை உட்கொண்ட சிலர் வயிற்றோட்டத்துக்கு உள்ளானதாக அறியக் கிடைக்கின்றது."

யாரும் அப்படிச் சொன்னதில்லை. கூட்டத்தில் அந்தப் பேச்சே வரவில்லை. ஆனால் வாசித்துப் பார்த்தபோது கடிதம் நிமிர்ந்து நின்றது. வழமை போலச் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் காட்டி, சங்கத்தின் முத்திரையைக் குத்தி, தபாலில் போட்டார். மறுநாள் காலை பரிமளத்திடம் போய்ப் பார்சல் வாங்கி வந்து, கடதாசியைப் பிரித்துக் கடை மேசையில் வைத்துச் சாப்பிட்டார். அப்போதுகூட ஒன்றும் உறுத்தவில்லை. கொள்கை மேசையின் ஒரு லாச்சியில், கடிதம் இன்னொரு லாச்சியில் என்று இருந்தது அவருக்கு.

ஒன்பதாம் நாள் சபையிலிருந்து சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மாத்தயா ஜீப்பில் வந்தார். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பெட்டி இடியப்பத்தையும் சம்பல் வாளியையும் ஏற்றினார்கள். பரிமளத்தின் புருஷன் கணேஸ், பெட்டியையாவது திருப்பித் தாங்க என்று ஜீப்பின் பின்னால் நாலடி நடந்து போய் நின்றான். ஜவாஹிர் போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு அடையாள அட்டைக்கு இரண்டு பிரதி கேட்டிருந்தவர், "நானா, காணும், காணும், ரெண்டு போதும்," என்று கையைப் பிடித்தபோதுதான் பன்னிரண்டு பிரதி வந்து விழுந்திருப்பதைக் கண்டார்.

அடுத்த வியாழக்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது பரிமளம் வாசலில் நின்றாள். கையில் ஒரு பொலித்தீன் பை.

"மொதலாளி, ஒரு கடிதம் எழுதணும்ங்க."

"வாங்க. இருங்க," என்றார். அவள் ஸ்டூலின் நுனியில் இருந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவள். அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது என்று கண்டு, புருஷனின் த்ரீவீலில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி இந்தச் சந்திக்கு வருகிறவள். இவ்வளவும் பார்சல் வாங்கும்போது அவரே கேட்டுத் தெரிந்துகொண்டது.

பையிலிருந்து சபையின் கடிதத்தை எடுத்தாள். வருகிற புதன்கிழமை விசாரணைக்கு வரும்படியும், எழுத்தில் விளக்கம் கொண்டுவரும்படியும் இருந்தது. அதோடு முறைப்பாட்டின் தமிழ்ப் பிரதி ஒன்றும் குத்தியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை. சங்கத்தின் முத்திரை மட்டும்.

"என்னமோ எழுதியிருக்காங்க. எங்க மவ வாசிச்சா, அவளுக்குப் பாதி புரியலங்க. நீங்க கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

ஜவாஹிர் தன்னுடைய கடிதத்தைத் தன்னுடைய குரலில் வாசித்தார். முதலாம் பந்தி. இரண்டாம் பந்தி. மூன்றாம் பந்திக்கு முன்னால் தாளைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார்.

"வயித்தோட்டமா? யாருக்குங்க?"

"சிலருக்கு என்டு போட்டிருக்கு."

"அந்தச் சிலரு பேரு?"

"பேர் இல்ல."

"பேரே இல்லாம எப்படிங்க?" அவள் கோபப்படவில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி யோசித்தாள். "நான் சாப்பிடாததை விக்கிறதில்லங்க. மிச்சம் வந்தா எம் புள்ளைங்கதான் மத்தியானம் தின்னுதுங்க. லைசன் இல்லன்னு போட்டிருக்கே, அது நெசந்தான். மூணு தரம் போனேன். கடை அட்ரஸ் கேட்டாங்க. த்ரீவீல்தான் கடைன்னேன். அப்ப வீட்டு உறுதிப் பத்திரத்தக் கொண்டான்னாங்க. தோட்டத்து லயத்துக்கு ஏதுங்க உறுதி? நான் பொறந்தது அந்தக் காம்பராவுலதான். ஆனா அது என் வீடுன்னு காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல. அரசாங்கம் எனக்கு ஒண்ணும் தர வேணாம் மொதலாளி. நிக்கிற எடத்துல நிக்க விட்டாப் போதும்."

பதினொரு வருஷமாக அவர் சொல்ல முயன்றதை அவள் ஸ்டூலின் நுனியில் இருந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். எண்ணெய்க் கறை பட்ட பத்திரிகைத் துண்டு. "பார்சல் சுத்துறதுக்குப் பழைய பேப்பர் கிலோக் கணக்குல வாங்குவோம்ங்க. அதுல கெடச்சிச்சு. ஒங்க பேரு போட்டிருக்குன்னு எங்க மவ காட்டினா. இத நான் சுத்தல, எடுத்து வச்சிட்டேன்." ஒரு இடத்தில் நீல மையால் கோடு போட்டிருந்தது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'தன் கையால் செய்ததை ஒருவன் இன்னொருவனுக்கு விற்க, மூன்றாம் ஆளின் உத்தரவு எதற்கு?' இத எழுதினவரு இந்தச் சந்தியிலேயே இருக்கும்போது நமக்கு என்ன பயம்னு எங்க வீட்டுக்காரருட்டச் சொன்னேன்."

ஜவாஹிரின் முகம் சுட்டது. வேறு எந்த நாளிலும் அந்தத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். இப்போது அதன் எண்ணெய் வாசமே அவரைக் குனிய வைத்தது. அவர் குனிந்துகொண்டே எழுதினார். முதலாம் பந்திக்கு விளக்கம் எழுதினார், நன்றாக வந்தது. இரண்டாம் பந்திக்கு, த்ரீவீல் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது என்று எழுதினார். மூன்றாம் பந்திக்கு வந்து நின்றார்.

"உண்மையல்ல என்டு எழுதுவோம்."

"அப்படி எழுதினா நம்புவாங்களாங்க?"

"தெரியாது."

"அத எழுதினவரே வந்து பொய்யின்னு சொன்னாத்தான் உண்டு," என்றாள். "அவரு ஏன் வரப் போறாரு."

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். கடிதத்துக்குக் காசு வேண்டாம் என்றார். அவள் பிரதிக்கான நாற்பது ரூபாயை மேசையில் வைத்தாள். "சும்மா வாங்கிப் பழகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க," என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஜவாஹிர் அந்த நாற்பது ரூபாயைத் தொடவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு நஸீமின் ஹோட்டலுக்குப் போனார். அப்போதும் அவருக்கு ஒரு சுகமான வழி இருப்பதாகத்தான் நினைப்பு: சங்கம் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கும், எழுதியது யார் என்று யாருக்கும் தெரிய வேண்டி வராது.

நஸீம் கெஷியர் மேசையில் இருந்தார். பின் மேசையில் செல்லச்சாமி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"திருப்பி எடுக்கவா? என்னத்துக்கு?"

"மூன்டாம் பந்தி பிழை, நஸீம்."

"என்ன மூன்டாம் பந்தி?"

"வயித்தோட்டம்."

நஸீம் அவரை ஒரு கணம் பார்த்தார். "நானா, ஒன்டு சொல்றேன், கோவிக்க வேணாம். நாங்க சொன்னது லைசன் இல்ல என்டும் ரோட்டை மறைக்கிறா என்டும்தான். ரெண்டும் உண்மை. வயித்தோட்டம் நாங்க சொன்னதில்ல. நீங்க கொண்டு வந்து காட்டினப்பதான் எனக்கே தெரியும். நான் நெனச்சேன், உங்களுக்கு யாரோ சொல்லி ஈக்கிறாங்க என்டு. இவர் படிச்ச மனுசன், சும்மா எழுத மாட்டார் என்டு."

"அப்ப ஏன் முத்திரை குத்த விட்டீங்க?"

"நீங்க எழுதினது என்டுதான்."

செல்லச்சாமி கோப்பையை வைத்தார். "எனக்கும் மனசு கேக்கல நானா. ஆனா நம்ம செயலாளர் எழுதினதாச்சேன்னு பேசாம இருந்துட்டேன். நான் அவகிட்டத்தான் டெய்லி சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

ஜவாஹிர் திரும்பி நடந்தார். சந்தியில் அந்த நேரம் வெயில் நன்றாக அடித்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் த்ரீவீல் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாக மந்திரிமாரையும் அதிகாரிமாரையும் குற்றம் சொல்லி எழுதியிருக்கிறார். அவர்களை அந்தந்த வாசலுக்குக் கூட்டி வருகிறவர்கள் யார் என்று ஒருமுறையாவது எழுதியதில்லை. அந்த ஜீப் தானாக மலை ஏறி வரவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்தது இவர். வந்ததும் கொடுக்க ஒரு பொய்யையும் கட்டி வைத்திருந்தார்.

வீட்டில் மனைவி ரபீகா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. ஊரில் நடப்பது எதுவும் அவவுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. பி.எச்.ஐ. வந்த அன்றே, "யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டிருந்தா. அவர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு, "சங்கம்," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"அந்தக் கடிதம் நான் எழுதினது," என்றார் இப்போது.

ரபீகா கையிலிருந்த சட்டையை உதறினா. "தெரியும்."

"எப்படி?"

"மின்ஹாட வாப்பா," என்று மகள் பேரைச் சொல்லியே அவரை அழைத்தா. "இந்தச் சந்தியில வேற யாருக்கு எழுத வரும்?"

அவர் படியில் குந்தினார். மூன்றாம் பந்தியைப் பற்றிச் சொன்னார். அவவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கொடியைப் பிடித்தபடி நின்றா. பிறகு, "நீங்களும் அத வாங்கித் தின்டீங்கதானே," என்றா.

"ஓம்."

"கடிதத்துக்குப் பொறவுமா?"

"பொறவும்."

"அந்தப் பொம்பளைட்டப் போய்ச் சொல்லுங்க."

"எனக்கு வாயால சொல்ல ஏலாது, ரபீகா."

"அப்ப எழுதுங்க. அதுதானே உங்களுக்கு ஏலும். அரசாங்கம் பொய் சொல்லுது என்டு மாசா மாசம் எழுதுறீங்க. உங்கட பொய்க்கு யார் எழுதுற? நான் எழுதவா?"

அசர் தொழுகைக்குப் பிறகு எழுத உட்கார்ந்தார். முதல் தாளில், "சங்கத்தின் முறைப்பாட்டில் தவறுதலாக இடம்பெற்ற ஒரு தகவல் குறித்து" என்று விடயம் போட்டுக் கோடு இழுத்தார். கோடு நேராக வந்தது. வாசித்துப் பார்த்தார். தகவல் தானாக நடந்து வந்து கடிதத்துக்குள் ஏறிக்கொண்டது போல இருந்தது. கிழித்தார். இரண்டாம் தாளில், பொதுநலன் கருதி, அவசரத்தில், பலரின் வற்புறுத்தலில் என்று மூன்று சாட்டு வந்துவிட்டது. அதையும் கிழித்தார். எழுதுவது அவருக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. அன்று வியர்த்தது. புதன்கிழமை அந்த அறையில் யார் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார். பரிமளம் இருப்பாள். கணேஸ் இருப்பான். கோடு போட்ட அந்தத் துண்டு அவள் பையில் இருக்கும்.

மூன்றாவது தாளில் இலக்கம் போடவில்லை.

"ஐயா, சந்தி வர்த்தகர் சங்கத்தின் பேரில் உங்களுக்கு வந்த முறைப்பாட்டை எழுதியவன் நான். அதன் மூன்றாம் பந்தியில் உள்ளது பொய். அப்படி எவரும் எனக்குச் சொல்லவில்லை. கடிதம் பலமாக இருக்க வேண்டும் என்று நானே யோசித்து எழுதினேன். திருமதி பரிமளத்தின் உணவை நான் ஏழு மாதம் சாப்பிட்டேன். எனக்கு எந்தச் சுகவீனமும் வரவில்லை. அவருக்கு அனுமதிப் பத்திரம் இல்லாததற்குக் காரணம் அவர் கேட்காதது அல்ல, லயத்து அறைக்கு உறுதி இல்லாதது. அதை விசாரியுங்கள். புதன்கிழமை நானும் வருவேன். இக்கடிதத்தை அவர் முன்னால் உரத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சங்கத்தின் செயலாளர் பதவியிலிருந்து இன்றுடன் விலகிவிட்டேன்."

சிங்களத்தில் இன்னொன்று எழுதினார். பொய் என்ற சொல்லை அந்த மொழியிலும் பொய் என்றே எழுதினார். மென்மையான வேறு சொல் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது, அதை எடுக்கவில்லை. இரண்டையும் மடித்து உறையில் போட்டு, பசை தடவி, வாய்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் இரண்டுதரம் அழுத்தித் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை தபால் கந்தோர் திறக்கும்போதே போனார். இந்தக் கந்தோரை மூடிவிட்டுத் தனியாரிடம் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் எழுதியவர் அவர். இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் தனியார் கொரியர் எதுவும் இந்தச் சந்திக்கு மேலே ஏறி வருவதில்லை. அதையும் ஒருநாள் நேர்மையாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். முன்னால் ஓய்வூதியக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். அவர் தன் முறைக்கு நின்றார்.

கவுண்டரில் இருந்த நிரோஷா உறையை வாங்கித் தராசில் வைத்தாள். சங்கத்தின் பதிவுத் தபால் எல்லாம் அவள் கையால்தான் போகும்.

"சபைக்கா ஐயா? திங்கட்கிழமை கிடைச்சிடும்." ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினாள். "அனுப்புறவர் பேர் வழமை மாதிரித்தானே? சங்கம்?"

"இல்ல," என்றார். "என்ட பேர். ஜவாஹிர்."

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். முத்திரையை ஒட்டி, திகதி அச்சை இரண்டு முறை குத்தி, பின்னால் தொங்கிய பைக்குள் போட்டாள். ஒன்பது மணி வத்தேகம பஸ் வாசலில் ஹோர்ன் அடித்தது. தபால்காரர் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினார்.